சிஸ்டரிடம் கேளுங்கள்: ‘பெட் ரெஸ்ட்’ என்று எழுதிவிட்டார்கள், எவ்வளவு ரெஸ்ட்?

(அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டிலும் பிறகு அறுவைப் பிரிவிலும் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.)

சிஸ்டர், எனக்கு 29 வாரம். இரண்டாவது குழந்தை. முதல் குழந்தை சிசேரியன், அவனுக்கு இப்போது நான்கு வயது. ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இருக்கிறது என்றார்கள். போன வாரம் திடீரென்று ரத்தம் போனது, வலியே இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து, ஊசி போட்டு, ‘ஸ்ட்ரிக்ட் பெட் ரெஸ்ட்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேல் விளக்கம் இல்லை. மாமியார் என்னைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. பாத்ரூமுக்குக்கூட பெட்பேன்தான். என் அம்மாவோ அடுத்த மாதம் வளைகாப்பு முடித்து ஊருக்கு அழைத்துப் போக நாள் குறித்துவிட்டார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை செய்கிறேன், லீவு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பையன் ‘ஏம்மா எப்பவும் படுத்தே இருக்கே?’ என்று அழுகிறான். எனக்கும் அழுகைதான் வருகிறது.
— வாசகி, திருப்பூர்

முதலில், உங்கள் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: “பாத்ரூமுக்கு நடந்து போகலாமா? உட்கார்ந்து சாப்பிடலாமா? குளிக்கலாமா?” ரத்தம் நின்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் மூன்றுக்கும் ‘சரி’ என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன். வந்ததும் அந்த பெட்பேனைப் பரணில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். மாமியார் மீது கோபப்படாதீர்கள். ‘ஸ்ட்ரிக்ட்’ என்று எழுதியிருப்பதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். சீட்டில் ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

உள்ளே நடப்பது இதுதான். நஞ்சு வழக்கமாகக் கர்ப்பப்பையின் மேல்பக்கத்தில் ஒட்டியிருக்கும். உங்களுக்கு அது வாய்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரிந்து மெலிசாகும், நஞ்சால் அதற்குச் சமமாக விரிய முடியாது. அதனால் ஓரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, ரத்தம் வருகிறது. வலி இல்லாமல் போனதும் அதனால்தான். நடு ராத்திரி நல்ல தூக்கத்தில் இருந்தபோது படுக்கை நனைந்து வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். படுத்திருந்தால் நஞ்சு மேலே ஏறாது, நாலு அடி நடந்தால் கீழே இறங்காது.

நாள் முழுக்க அசையாமல் படுப்பதால் பிரசவம் தள்ளிப்போகிறது என்று ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. கெடுதல் மட்டும் நன்றாகவே தெரிகிறது. கர்ப்ப காலத்தில் ரத்தம் இயல்பிலேயே சீக்கிரம் உறையும் தன்மையோடு இருக்கும். அதோடு மாதக்கணக்கில் படுத்தும் கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உண்டாகலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, அழுத்தினால் வலித்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கால் சதை வற்றிவிடும், மலச்சிக்கல் வரும், மனசும் சோர்ந்துவிடும். அதனால் படுத்திருக்கும்போது இரண்டு பாதங்களையும் முன்னும் பின்னும் மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள், டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் செய்தால் மறக்காது. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள், இடது பக்கம் என்றால் நல்லது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அப்படியானால் எது கூடாது? தாம்பத்திய உறவு கூடாது, இதை வெட்கப்படாமல் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். குடம், சிலிண்டர், பையன் எதையும் தூக்கக் கூடாது. பைக்கில் ஏறவே வேண்டாம். இன்னொன்று மிக முக்கியம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பரிசோதிக்க வருபவரிடம் முதல் வார்த்தையாக “எனக்கு நஞ்சு கீழே இருக்கிறது” என்று சொல்லுங்கள். இந்த நிலையில் உள்ளே விரல் விட்டுப் பரிசோதிக்கக் கூடாது, பெரிய ரத்தப்போக்கைக் கிளப்பிவிடும். நீங்கள் மயங்கியிருந்தால் சொல்ல வீட்டில் எல்லாருக்கும் அந்த ஒரு வாக்கியம் தெரிந்திருக்க வேண்டும்.

முக்கவும் கூடாது. இரும்புச் சத்து மாத்திரை மலத்தை இறுக்கும், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு முறை ரத்தம் போனால் தாங்குவதற்கு உடம்பில் இருப்பு வேண்டாமா? காபி, டீ, பாலோடு அந்த மாத்திரையைப் போடாதீர்கள், எலுமிச்சை ஜூஸோடு போடலாம். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரை, கொய்யா, ஊறவைத்த திராட்சை சாப்பிடுங்கள், போதவில்லை என்றால் டாக்டர் சிரப் கொடுப்பார். வீட்டில் குத்துக்கால் டாய்லெட்தான் என்றால், நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் ஸ்டூல் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டிலிலிருந்து ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம்? படுப்பதைவிடப் பெரிய விஷயம் இது. ரத்த வங்கியும், ராத்திரி இரண்டு மணிக்கும் சிசேரியன் செய்ய ஆளும் உள்ள ஆஸ்பத்திரியாக அது இருக்க வேண்டும். வாசல் பக்கத்தில் ஒரு பை வையுங்கள். எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், பரிசோதனை அட்டையும், ரத்த குரூப் சீட்டும் அதிலேயே இருக்கட்டும். ரத்தம் கொடுக்கச் சம்மதித்த இரண்டு மூன்று பேரின் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி அதில் வையுங்கள். போனில் சார்ஜ் இருக்காது, அந்த நேரம் பார்த்து. உங்கள் குரூப் நெகட்டிவ் என்றால், போன வாரம் போட்ட ஊசிகளில் ஆன்ட்டி-டி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்பை உண்டாக்காமல் தடுக்கும் ஊசி) இருந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் நுரையீரலுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு, இது வேறு.

மறுபடி ரத்தம் பட்டால் ‘கொஞ்சம்தானே, விடியட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். பேடைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். “நிறையப் போச்சு சிஸ்டர்” என்று வருவார்கள். ஒருவருடைய நிறைய இன்னொருவருக்குக் கொஞ்சம். பேடைப் பார்த்தால் எங்களுக்கு ஒரு கணக்குக் கிடைக்கும். பசிக்குமே என்று வழியில் எதையும் ஊட்டிவிட வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம்.

ஸ்கேனைப் பற்றி. ஐந்தாம் மாதத்தில் நஞ்சு கீழே இருப்பதாகச் சொல்லப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கடைசி மாதங்களில் அது மேலே போய்விடும். உண்மையில் கர்ப்பப்பை வளர்வதால் அப்படி விலகுகிறது. ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த வாய்ப்புக் கொஞ்சம் குறைவு. 32 வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். கீழ்வழியாக எடுப்பதுதான் தெளிவாகத் தெரியும், அது பாதுகாப்பானது, பயந்து மறுக்காதீர்கள். நஞ்சின் ஓரத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். 20-க்கு மேல் இருந்தால் நிம்மதி. உங்களுக்கு இன்னொரு கேள்வியும் அவசியம்: “பழைய தையல் தழும்பின் மேல் நஞ்சு ஆழமாகப் பதிந்திருக்கிறதா?” பதிந்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் நடக்க வேண்டும், முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியே இருந்தால் சிசேரியன்தான். பெரும்பாலும் 36, 37 வாரத்தில் செய்வார்கள், நடுவில் ரத்தம் போனால் இன்னும் முன்னால்.

அம்மா வீட்டுக்குப் போவது இப்போது வேண்டாம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், பிறகு ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் என்றெல்லாம் இருந்தால் நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. வளைகாப்பை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி நலங்கு வைத்து, வளையல் அடுக்கி, ஐந்து சாதமும் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அம்மா பெட்டியோடு வந்து உங்களோடு தங்கட்டும். ஒரே அடுப்படியில் அம்மாவும் மாமியாரும் என்றால் சாம்பாருக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்று பஞ்சாயத்து வரத்தான் செய்யும். நீங்கள் கட்டிலில் இருக்கிறீர்கள், உங்களுக்கு அதில் வேலை இல்லை.

லீவு விஷயம். மகப்பேறு சலுகை பற்றிய சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு உண்டு, அதில் பிரசவத்துக்கு முன்னால் எட்டு வாரம் வரை எடுக்கலாம். கர்ப்பத்தால் வந்த உடல்நலக் குறைவுக்கு அதே சட்டத்தில் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நிறையப் பேர் இதைக் கேட்பதே இல்லை, கம்பெனியும் தானாகச் சொல்வதில்லை. மெடிக்கல் சர்டிஃபிகேட்டில் ‘ஓய்வு தேவை’ என்று மட்டும் போடாமல் காரணத்தையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். உங்களுக்கு இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் இந்தப் பணமெல்லாம் அங்கிருந்துதான் வரும். மகப்பேறு லீவு தொடங்கும் வரை நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம் கேட்கலாம், வருஷத்துக்கு 91 நாள் வரை. வீட்டுக்காரரை அலையவிடுங்கள், அவரும் ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா.

பையனைத் தூக்கத்தான் கூடாது, கிட்டே வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கட்டிலில் ஏறி உங்கள் முதுகுப் பக்கம் படுத்துக்கொள்ளட்டும். சாயங்காலம் ஒரு வேலை அவனுக்கென்று கொடுங்கள்: அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவருவது அவன் டூட்டி. உங்கள் அழுகைக்கு வருகிறேன். பயம், படுக்கை, அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது, மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் தினம் அப்படியே இருந்தால், தூக்கமும் போய்விட்டால், அடுத்த செக்கப்பில் அதையும் ஒரு நோயாகவே சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

லாரி ஓட்டுகிறேன், வயது 41. இடுப்பு வலி, இடது கால் வரை இழுக்கிறது. ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்கியிருப்பது) என்று வந்திருக்கிறது. ஒரு மாதம் பலகையில் அசையாமல் படுக்கச் சொல்கிறார்கள். படுத்தால் டியூ யார் கட்டுவது?
— வாசகர், நாமக்கல்

சொல்கிறவர் டாக்டரா, டீக்கடை நண்பரா? நீங்கள் எழுதவில்லை. பலகை வேண்டாம், சாதாரண மெத்தை போதும். வலி உயிர்போகும் முதல் ஒன்றிரண்டு நாள் படுங்கள், அப்புறம் எழுந்து வீட்டுக்குள் நடங்கள். அதற்கு மேல் படுத்தால் முதுகுத் தசை தளர்ந்து குணமாவதுதான் தாமதமாகும். வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பல்ஜ் தெரிவது சகஜம், வயது ஏற ஏற இன்னும் அதிகம். அந்த வார்த்தையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஆனால் லாரி சீட் வேறு கதை. மணிக்கணக்காக உட்கார்ந்த நிலை, கூடவே குலுக்கல். சில வாரம் வண்டியை மாற்று ஓட்டுநரிடம் விட முடியுமா பாருங்கள். பிசியோதெரபி ஒழுங்காகச் செய்யுங்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

என் சித்தப்பா 1950-களில் தாம்பரம் காசநோய் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்ததைச் சிறுவனாகப் பார்த்தவன் நான். இப்போது பாலிடெக்னிக் படிக்கும் என் பேரனுக்கு டிபி. வெறும் மாத்திரை கொடுத்து, வீட்டிலேயே இருக்கலாம், கொஞ்ச நாளில் காலேஜுக்குப் போகலாம் என்கிறார்கள். ஓய்வே வேண்டாமா? அலட்சியமாகச் சொல்கிறார்களோ?
— வாசகர், விழுப்புரம்

ஐயா, அலட்சியம் இல்லை. உங்கள் சித்தப்பா காலத்தில் படுப்பதே வைத்தியமாக இருந்தது. டேவிட் சௌரி முத்து என்ற டாக்டர் 1928-இல் தொடங்கிய இடம் அது, ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு. நுரையீரலுக்கே ஓய்வு கொடுக்கிறோம் என்று மார்புக்குள் காற்றை ஏற்றி ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கியும் வைத்தார்கள்.

அந்த வழக்கத்தை உலகம் முழுக்க மாற்றியது சென்னைதான் என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கினார்கள், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். ஒரே மாத்திரைகளை ஒரு வருஷம் கொடுத்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கமான ஏழைக் குடித்தனங்கள், சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. 1959-இல் முடிவு வந்தது: குணமானதில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. குணப்படுத்தியது மருந்துதான், கட்டில் இல்லை.

ஆகவே பேரன் காய்ச்சலும் களைப்பும் இருக்கும் வரை படுக்கட்டும். சளியில் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உண்டா என்று பார்த்துவிட்டார்களா என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள். சரியான மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். காலேஜ் எப்போது என்பதை டாக்டர் சொல்வார். அதுவரை ஜன்னல் திறந்த அறை, முகக்கவசம். தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்காதீர்கள், இது காற்றில் பரவுவது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். சத்துணவுக்காக அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது, பதிவு செய்தாயிற்றா பாருங்கள்.

நீங்கள் கண்டிப்புக் காட்ட வேண்டிய இடம் வேறு. இரண்டாம் மாதம் இருமல் நின்று, எடை கூடி, ‘நல்லாத்தானே இருக்கேன் தாத்தா’ என்பான். ஆறு மாதமும் மாத்திரை உள்ளே போக வேண்டும். தினமும் உங்கள் கண் முன்னால் விழுங்கச் சொல்லுங்கள்.

அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், 63 வயது. விழித்திரையில் ஓட்டை என்று ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் கேஸ் வைத்து, ஒரு வாரம் குப்புறவே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ‘எட்டு மணி நேரம் நின்று பாடம் எடுத்தவன், என்னைக் குனிய வைத்துவிட்டார்களே’ என்று எரிந்து விழுகிறார். கொஞ்சம் நிமிர்ந்தால் என்ன ஆகும்? அடுத்த மாதம் ஊட்டியில் அத்தை மகன் கல்யாணம் வேறு.
— வாசகி, கரூர்

மேலே சொன்னதற்கெல்லாம் நேர் எதிர் உங்கள் அப்பா. இங்கே ‘ஸ்ட்ரிக்ட்’ என்றால் ஸ்ட்ரிக்ட்தான். ரசமட்டத்துக் குமிழி மாதிரி அந்த கேஸும் எப்போதும் மேலேதான் போகும். ஓட்டை இருப்பது கண்ணின் பின்சுவரில். முகம் தரையைப் பார்த்தால்தான் பின்சுவர் மேலே வரும், கேஸ் போய் ஓட்டையை அழுத்தி மூடும். ஹெட்மாஸ்டருக்கு இப்படிக் காரணம் சொன்னால் பிடிக்கும், ‘டாக்டர் சொன்னார், குனியுங்கள்’ என்றால் பிடிக்காது.

படுத்தேதான் இருக்க வேண்டும் என்பதில்லை, முகம்தான் கீழே பார்க்க வேண்டும். மேஜையில் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்து உட்காரலாம், குனிந்தபடியே நடக்கலாம். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் இடைவெளி உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். சாப்பாடு, டாய்லெட், சொட்டு மருந்து எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். செய்தித்தாளைத் தரையில் விரித்துப் போடுங்கள், மற்ற கண்ணால் படிப்பார். தோளைப் பிடித்துவிடுங்கள், வலி பாதி குறையும். ராத்திரி மல்லாந்து புரளாமல் இருக்க முதுகுப் பக்கம் உருளைத் தலையணை வையுங்கள். பேச வருகிறவர்கள் தரையில் உட்கார்ந்து பேசட்டும், முகம் பார்த்துப் பேசினால் எரிச்சலும் குறையும்.

கேஸ் தானாகக் கரையும். எந்த கேஸ் என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதுவரை வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும், கண்ணில் கேஸ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள், சில மயக்க வாயுக்கள் ஆகாது. விமானம் கூடாது. மலையும் கூடாது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் கேஸ் விரியும். மேட்டுப்பாளையம் தாண்டியதும் தாங்க முடியாத வலி வந்து, பார்வையே போய்விடலாம். கேஸ் முழுக்கக் கரைந்துவிட்டது என்று கண் டாக்டர் பார்த்துச் சொன்னால் போகலாம், இல்லையென்றால் மொய்யை கூகுள் பேயில் அனுப்பிவிட்டு, கல்யாணத்தை வீடியோ காலில் குனிந்தபடியே பார்க்கட்டும்.